கூடையின் பாரம் எங்கே போகிறது?
உடலில் இயங்கும் விசைகளை ஆராயும் அறிவியல் பற்றி ஒரு பாடம்

1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி. அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் மைதானத்தில் நம்ம முத்தையா முரளிதரன் பந்து வீசிக்கொண்டிருந்தார். நடுவர் டரல் ஹெயர் 'நோ-போல்' என்று கையை நீட்டினார். ஒரு தடவை அல்ல, மூன்று ஓவர்களுக்குள் ஏழு தடவை. முரளி பந்தை வீசவில்லை, முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. அன்று வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்த கோபத்தை இன்றும் பலர் சொல்லக் கேட்கலாம்.

அந்தக் கோபம் முரளியைக் காப்பாற்றவில்லை. அவரைக் காப்பாற்றியது ஓர் அளவுகோல். 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்திலும் அவரைப் பந்து வீசச் சொல்லி, பல பக்கங்களிலிருந்து படம் பிடித்துக் கை மூட்டின் கோணத்தை அளந்தார்கள். பிறப்பிலேயே அவருடைய முழங்கை முழுதாக நிமிராது. அதோடு தோளும் மணிக்கட்டும் மற்றவர்களுக்கு இல்லாத அளவு வேகமாகச் சுழல்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து எறிவது போன்ற தோற்றத்தைத் தருகின்றன, அது கண்ணின் மயக்கம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 2004இல் அவருடைய 'தூஸ்ரா' பந்து மீது மறுபடியும் பிரச்சினை வந்தது. இந்தத் தடவை சர்வதேச கிரிக்கெட் சபை மற்றப் பந்து வீச்சாளர்களையும் அளந்து பார்த்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. கையைக் கொஞ்சம்கூட நிமிர்த்தாமல் வீசுபவர்கள் மிகக் குறைவு. வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த பெரிய பெரிய வேகப்பந்து வீச்சாளர்களும் பல பாகை நிமிர்த்துகிறார்கள்! 2005 மார்ச் 1ஆம் திகதி முதல் 15 பாகை வரை நிமிர்த்தலாம் என்று எல்லோருக்கும் ஒரே விதி வந்தது. முரளி 2010இல் காலியில் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

கண்ணுக்குத் தெரியாததை அளந்து காட்டிய அந்த அறிவியலின் பெயர் உயிர்ப்பொறிமுறையியல். ஆங்கிலத்தில் பயோமெக்கானிக்ஸ் என்பார்கள். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பாலம், கிரேன், லொறி ஆகியவற்றில் விசை எப்படி வேலை செய்கிறது என்று படிப்பது பொறிமுறை. அதே கேள்வியை உயிருள்ள உடம்பிடம் கேட்பது உயிர்ப்பொறிமுறை. அவ்வளவுதான். ஆனால் இன்று இந்தத் துறை எங்கெங்கோ கிளை விட்டுப் படர்ந்திருக்கிறது. அந்தக் கிளைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம். கிரிக்கெட் மைதானத்தை விட்டுவிட்டு, மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் ஒரு அக்காவை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் நமக்கு இலகுவாக இருக்கும்.

அலவாங்கும் முதுகும்

இத்தாலியில் ஜொவான்னி போரெல்லி என்று ஒரு கணித அறிஞர் இருந்தார். பிராணிகளின் அசைவு பற்றி அவர் எழுதிய நூல், அவர் 1679இல் இறந்த பிறகு, அடுத்த வருஷம் அச்சானது. ஒரு பாரத்தைத் தூக்க நம் தசைகள் அந்தப் பாரத்தைவிடப் பல மடங்கு விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் காலத்துக்கு அது தலைகீழான பேச்சு. உடம்பு குறைந்த விசையால் பெரிய பாரத்தைத் தூக்குகிறது என்றே பலரும் நம்பி இருந்தார்கள்.

கணக்கு கஷ்டமானதல்ல. கான் வெட்டும்போது ஒரு கல் தடுத்தால் அலவாங்கைப் போட்டு நெம்புகிறோம். நம் கை இருக்கும் பக்கம் நீளம், கல் இருக்கும் பக்கம் கட்டை. அதனால் கொஞ்சம் அமுக்கினாலே கல் புரளும். நம் இடுப்பில் இது அப்படியே மாறி அமைந்திருக்கிறது. முள்ளந்தண்டின் நடுவிலிருந்து முதுகுத் தசை சுமார் 5 சென்ரிமீற்றர் தூரத்தில் பின்னால் இருக்கிறது. நாம் தூக்கும் சாமானோ முன்னால் 30, 40 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது. கட்டைப் பக்கம் நமக்கு, நீளப் பக்கம் சாமானுக்கு.

பத்துக் கிலோ தண்ணீர் வாளியை 40 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்தால், 40ஐ 5ஆல் வகுத்தால் எட்டு. ஆகவே முதுகுத் தசை 80 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுக்க வேண்டும். அந்த 80உம் வாளியின் 10உம் சேர்ந்து 90 கிலோவாக இடுப்பெலும்புகளின் நடுவே அமுங்கும். நம் தலை, கை, நெஞ்சு இவற்றின் பாரம் வேறு இருக்கிறது. அதே வாளியை 20 சென்ரிமீற்றருக்கு இழுத்து அணைத்துப் பிடித்தால் 90 என்பது 50 ஆகிவிடும். வாளியில் தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை. குறைந்தது தூரம்தான்.

"பத்துக் கிலோ தூக்கினதுக்கா இப்பிடி இடுப்பு விட்டுப்போச்சு?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தராசு காட்டுவது ஒன்று, இடுப்பு சுமப்பது இன்னொன்று. கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு என்று சில கிலோவைக் கழிப்பார்கள். இடுப்பு எதையும் கழிப்பதில்லை.

இது வெறும் கணக்குத்தானே, உண்மையில் உள்ளே அப்படியா நடக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இடைத்தட்டுகள் இருக்கின்றன. சுவீடன் நாட்டு வைத்தியர் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் இடைத்தட்டுக்குள் ஊசி செலுத்தி அமுக்கத்தை அளந்தார். 1999இல் ஜேர்மனியைச் சேர்ந்த வில்கே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், தானாக முன்வந்த ஒருவரின் இடுப்பில் சின்னஞ்சிறு கருவியை வைத்து, அவர் நிற்க, நடக்க, தூங்க, தூக்க என்று ஒரு முழு நாள் அளந்து வெளியிட்டார்கள். நேராக நிற்கும்போது உள்ள அமுக்கத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். படுத்திருக்கும்போது அது ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. வெறுமனே முன்னால் குனிந்தாலே இரண்டு பங்குக்கு மேல் போனது. 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது நாலரைப் பங்கு. அதையே முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கியபோது மூன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவு. நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நின்றபோது இரண்டு பங்கு சொச்சம். ஒரே ஆளிடம் எடுத்த அளவுகள் இவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்றாலும் போரெல்லியின் நெம்புக் கணக்கு போகும் திசையிலேயே இந்த அளவுகளும் போகின்றன.

அந்த ஆய்வில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஏழு மணித்தியாலம் தூங்கி எழும்பும்போது இடைத்தட்டின் அமுக்கம் இரட்டிப்புக்கு மேல் கூடியிருந்தது. பகலில் பிழிந்து போன தட்டு இரவில் பஞ்சு போல நீரை உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் நாம் ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரமாக இருப்பதும் இதனால்தான். இப்படி ஊதி இருக்கும் தட்டுக்குக் குனிவது கூடுதல் சிரமம். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் காலையில் எழுந்த உடனே குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததாக 1998இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. லயத்து வாழ்க்கையில் காலை நாலரை மணிக்கு எழும்பின கையோடு அடுப்படியில் குனிவதும், பீலியில் குடம் தூக்குவதும் யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை. வீட்டில் ஆண்பிள்ளைகள் அந்த முதல் குடத்தைத் தூக்கிக் கொடுத்தால் அது தயவு அல்ல, வைத்தியம்.

தலைக்கயிறு: மூன்று நாடுகள், மூன்று விடைகள்

இப்போது கூடைக்கு வருவோம். தலையில் கயிறு, முதுகில் கூடை. இந்த முறை நமக்கு மட்டும் உரியதல்ல. கென்யா நாட்டில் கிக்கூயு இனப் பெண்கள் நெற்றியில் வார் மாட்டி முதுகில் சுமப்பார்கள். லூவோ இனப் பெண்கள் தலை மேலேயே வைத்துச் சுமப்பார்கள். 1986இல் சில விஞ்ஞானிகள் இந்தப் பெண்களை ஓடும் பட்டியின் மேல் நடக்க விட்டு, அவர்கள் எவ்வளவு ஒட்சிசனைச் செலவழிக்கிறார்கள் என்று அளந்தார்கள். ஒட்சிசன் செலவு என்றால் சக்திச் செலவு. விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தபோது அந்தப் பெண்களுக்குக் கூடுதல் சக்தியே செலவாகவில்லை! 50 கிலோ எடையுள்ள பெண் 10 கிலோவைச் சும்மா நடப்பது போலச் சுமந்தார் என்று பொருள். 1995இல் அதற்கு ஒரு விளக்கமும் வந்தது. நடை என்பது தலைகீழாக நிற்கும் ஊசல் போன்றது. ஒவ்வொரு அடியிலும் உடல் உயர்ந்து தாழும்போது கொஞ்சம் சக்தி வீணாகும். சிறு வயதிலிருந்தே சுமந்து பழகிய இந்தப் பெண்கள் பாரத்தோடு நடக்கும்போது அந்த வீணைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

2005இல் நேபாளம். நாம்லோ என்னும் தலைவாரில் சுமக்கும் கூலியாட்கள் எவரெஸ்ட் பக்கத்து நாம்சே சந்தைக்குக் கால்நடையாகச் சாமான் கொண்டு போகிறார்கள். பாதையில் வைத்தே அவர்களை நிறுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் சராசரியாகத் தங்கள் எடையில் 93 சதவீதம், பெண்கள் 66 சதவீதம் சுமந்தார்கள். பாரம் கூடக்கூட இவர்களுடைய சக்திச் சிக்கனம் கென்யப் பெண்களையும் மிஞ்சியது. அவர்கள் வேகமாக நடப்பதில்லை. கொஞ்சத் தூரம் நடந்து, கைத்தடியில் பாரத்தை முட்டுக் கொடுத்து நின்று, மறுபடியும் நடப்பார்கள்.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். கேட்பவர் என்ன சொல்வார்? "பார்த்தீங்களா, பழகின பொம்பளைங்களுக்குப் பாரமே தெரியாது, இன்னும் ரெண்டு கிலோ போடலாம்." இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

2010இல் தென்னாபிரிக்காவில் கோசா இனப் பெண்களை வைத்து இதே விஷயத்தை மறுபடியும் அளந்தார்கள். தலைச்சுமையால் பொதுவாகச் சக்தி மிச்சமாகவில்லை. ஒருவருக்கு லேசாக இருந்தது, இன்னொருவருக்குக் கடினமாக இருந்தது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது. தலையில் சுமக்கும்போது கழுத்து நோகிறது என்று பெண்களே சொன்னார்கள். கென்யாவில் அளந்தபோது பெண்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அதைவிட முக்கியமான ஒன்று: அங்கே அளந்தது மூச்சுக்காற்றை. கழுத்தெலும்பை யாரும் அளக்கவில்லை. இடைத்தட்டை அளக்கவில்லை. பத்து வருஷம், இருபது வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் முழங்கால் எப்படி இருக்கும் என்றும் பார்க்கவில்லை. களைப்புக் குறைவு என்பது ஒரு கிளையின் விடை. தேய்மானம் எவ்வளவு என்பது வேறொரு கிளையின் கேள்வி. ஒன்றின் விடையை மற்றதன் தலையில் கட்டுவது அறிவியல் அல்ல, வியாபாரம்.

கயிறு பற்றி ஒரு சின்னக் கணக்கு. பாரத்தைத் தாங்கும் பரப்பு கூடினால் அமுக்கம் குறையும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கயிறு தலையில் தரும் அமுக்கம், ஐந்து சென்ரிமீற்றர் அகலப் பட்டியில் ஐந்தில் ஒன்றாகிவிடும். கயிற்றுக்குக் கீழே கொங்காணியை மடித்து வைத்த நம் பாட்டிமார் பௌதிகவியல் படிக்கவில்லை, ஆனால் செய்தது சரி. கூடை முதுகோடு ஒட்டி, உயரத் தூக்கி இருப்பதும் நல்லது. கயிறு நீண்டு கூடை இடுப்புக்குக் கீழே தொங்கினால் அது பின்னால் இழுக்கும், நாம் முன்னால் வளைவோம், அலவாங்குக் கணக்கு மறுபடியும் ஆரம்பமாகும்.

முழங்கால், எலும்பு, ஓர் அண்டவெளிப் பயணம்

பாரம் இடுப்பைத் தாண்டி இறங்குகிறது. ஜேர்மனியின் பேர்லின் நகரில் தேய்ந்த மூட்டை மாற்றிச் செயற்கை மூட்டுப் பொருத்தும்போது அதற்குள்ளேயே அளவு கருவியை வைத்து, நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் மூட்டில் விழும் விசையை அளந்து வந்திருக்கிறார்கள். தட்டையான தரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு விசை விழுகிறது. படி ஏறும்போது மூன்று மடங்கு. படி இறங்கும்போது மூன்றரை மடங்கு. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். முழங்காலைத் தின்பது இறக்கம். மூச்சு வாங்காததால் இறக்கத்தில் நாம் வேகமாக இறங்குகிறோம், கூடையும் அப்போதுதான் நிறைந்திருக்கும். மழைக்காலத்தில் வழுக்கினால் கேட்கவே வேண்டாம். தடுமாறும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் எட்டு மடங்குக்கு மேல் விசை விழுந்ததை அதே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மலைப் படிக்கட்டை ஒழுங்காகக் கட்டிக் கொடு என்று கேட்பது சொகுசுக்காக அல்ல.

எலும்பு பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பைச் செத்த கல் என்று நினைக்கிறோம். ஜேர்மனிய வைத்தியர் ஜூலியஸ் வொல்ஃப் 1892இல் எழுதிய நூலில், எலும்பு தன் மேல் விழும் பாரத்துக்கு ஏற்றபடி தன்னையே மாற்றிக் கட்டிக்கொள்கிறது என்றார். டென்னிஸ் ஆடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு தடித்திருக்கும். பாரமே இல்லாத அண்டவெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் கரைகிறது. ஆகவே உழைப்பு எலும்புக்கு எதிரி அல்ல. அளவான பாரம் எலும்பைக் கட்டும், ஓய்வில்லாத மிகைப்பாரம் அதை வெடிக்க வைக்கும். உழைக்கும் உடம்புக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பதும், உழைக்கிற உடம்புக்கு எவ்வளவும் தாங்கும் என்று சொல்வதும் இரண்டும் தப்பு.

இரத்தத்திலும் விரல் நுனியிலும்

இதுவரை பார்த்தது கண்ணுக்குத் தெரியும் உறுப்புகள். 1960களுக்குப் பிறகு இந்தத் துறை உள்ளே உள்ளே போனது. நவீன உயிர்ப்பொறிமுறையியலின் தந்தை என்று பலர் சொல்லும் ஒய். சீ. ஃபுங் சீனாவில் 1919இல் பிறந்தவர், அமெரிக்காவில் விமானப் பொறியியல் படித்தவர். விமானச் சிறகின் மேல் காற்று ஓடுவதைக் கணக்குப் பார்த்தவர், பிறகு இரத்தக் குழாய்க்குள் இரத்தம் ஓடுவதைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினார். நூறு வயது வாழ்ந்து 2019இல் இறந்தார்.

தண்ணீர்க் குழாய் அடைத்தால் என்ன நடக்கும் என்று லயத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் ஒரு குழாயின் உள் விட்டம் பாதியானால், அதே அமுக்கத்தில் ஓடும் அளவு பாதியாகாது, பதினாறில் ஒன்றாகிவிடும். கொழுப்புப் படிந்த இரத்தக் குழாய் கொஞ்சம் ஒடுங்கினாலே இதயம் தவிப்பது இதனால். கொழுப்பு எங்கே படிகிறது என்பதற்கும் விசைக் கணக்கு உண்டு. குழாய் கிளை பிரிந்து, ஓட்டம் சுழித்துத் தயங்கும் இடங்களில் கூடுதலாகப் படிகிறது. கான் வளைவில் மண் தேங்குவதைப் போல. மலேரியாக் கிருமி புகுந்த செங்கலம் வளைந்து கொடுக்கும் தன்மையை இழந்து விறைத்துப் போவதையும் இந்தத் துறையினர் அளந்திருக்கிறார்கள். மயிரிழைக் குழாயில் அது சிக்கிக்கொள்ளும். 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று நம் நாட்டுக்குச் சான்று கிடைத்தது. அந்தக் காய்ச்சலின் நடுக்கத்தை மறக்காத பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கொழுந்து எடுக்கும் அக்காமாரின் விரலைப் பாருங்கள். கண் அடுத்த செடியில் இருக்கும், வாய் பக்கத்து நிரைக்காரியோடு கதைக்கும், விரல் மட்டும் இரண்டு இலையும் மொட்டும் எங்கே என்று தானாகக் கண்டுபிடித்துக் கிள்ளும். இலை முற்றலா இளசா என்று விரலுக்கு எப்படித் தெரிகிறது? கையைப் பார்க்காமலே கை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? 2010இல் ஆர்டெம் பட்டாபூட்டியன் என்பவரின் ஆய்வுகூடம், அமுக்கினால் திறக்கும் நுண் கதவுகள் இரண்டைக் கலங்களின் தோலில் கண்டுபிடித்தது. விசை பட்டதும் கதவு திறக்கும், நரம்புக்குச் சேதி போகும். தொடுகையும், உறுப்பு இருக்கும் இடம் பற்றிய உணர்வும் இவற்றில் ஒன்றைத்தான் பெரிதும் நம்பி இருக்கின்றன. 2021இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் டேவிட் ஜூலியஸ் என்பவருக்கும் கிடைத்தது. இந்தத் தொழிலைக் 'கைத்திறன் தேவையில்லாத வேலை' என்று எழுதுபவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் மலைக்கு வந்து இரண்டு இலை கிள்ளிப் பார்க்கட்டும்.

கிளைகள் இன்னும் உண்டு. எல்லாவற்றையும் இங்கே விரிக்க இடமில்லை. வாகனம் மோதினால் மண்டையும் நெஞ்சும் எவ்வளவு தாங்கும் என்று பொம்மை மனிதர்களை வைத்துப் பார்க்கிறார்கள். ஆசனப்பட்டி வந்த வழி அது. காற்றில் ஆடி வளரும் மரம் ஏன் குட்டையாகவும் தடிப்பாகவும் வளர்கிறது என்று செடிகளிடமும் கேட்கிறார்கள். லயத்துச் சுவரில் பல்லி சொன்னால் நாம் பலன் பார்ப்போம். அவர்கள் அது விழாமல் எப்படி ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். பல்லியின் காலில் பசை இல்லை, கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான நுண்மயிர்கள்தான் பிடிக்கின்றன என்று 2000இலும் 2002இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

ஒரு கிளையை மட்டும் பெயர் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. செயற்கைக் கால். மேல்நாட்டுச் செயற்கைக் காலுக்குச் சப்பாத்துப் போட வேண்டும். குந்த முடியாது, வயலில் இறங்க முடியாது, சப்பணம் போட்டுச் சாப்பிட முடியாது. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர், ஏட்டுப் படிப்பு அதிகம் இல்லாதவர், டாக்டர் பி. கே. சேத்தியோடு சேர்ந்து இறப்பரால் ஒரு பாதம் செய்தார். வெறுங்காலோடு நடக்கலாம், குந்தலாம், மரமும் ஏறலாம். பாதம் எந்தெந்தப் பக்கம் வளைய வேண்டும் என்பதை அவர் நம் மக்கள் உட்காரும் விதத்திலிருந்து கற்றார். போரில் காலை இழந்த எத்தனையோ பேரை 1980களிலிருந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மறுபடி நடக்க வைத்தது இந்தக் காலே.

க.பொ.த. உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் உண்டு. பேராதனையிலும் கொழும்பிலும் இயன்மருத்துவப் பட்டம் உண்டு. இரண்டும் இந்தத் துறைக்குள் நுழையும் வாசல்கள். கூடை சுமந்த தாயின் பிள்ளை இந்த ஆய்வுக்கு வந்தால், கேட்கும் கேள்வியே வேறு விதமாக இருக்கும்.

எவ்வளவு, எவ்வளவு தூரத்தில், எத்தனை தடவை

வேலைக்கும் உடம்புக்கும் உள்ள பொருத்தத்தை ஆராயும் கிளையைக் கடைசிக்கு வைத்தோம், ஏனென்றால் நமக்கு உடனே வேண்டியது அது. அமெரிக்க அரசின் தொழில் சுகாதார நிறுவனம் 1990களில் வெளியிட்ட கணக்கு ஒன்று உலகம் முழுக்கப் பாவனையில் இருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால், அதாவது சாமான் உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், பிடிக்கக் கைப்பிடியோடு, எப்போதாவது ஒரு தடவை தூக்கினால், 23 கிலோ வரை சரி. சாமான் தள்ளிப் போனால், தரையிலிருந்து எடுத்தால், உடம்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் அந்த 23 மளமளவென்று குறைந்துகொண்டே போகும். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இல் ஆண் தொழிலாளிக்குச் சொன்ன உச்ச அளவு 55 கிலோ. பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறைய வேண்டும் என்றும் சொன்னது. இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளி, இடையில் வந்த அளவீடுகள் எவ்வளவு கற்றுக் கொடுத்தன என்பதைக் காட்டுகிறது. 50 கிலோ உர மூட்டையைத் தரையிலிருந்து ஒருவராகத் தூக்கித் தோளில் போடுவது அந்த 23 கிலோக் கணக்கில் அடங்காது. இரண்டு பேர் தூக்குங்கள், அல்லது பிரித்துக் கட்டுங்கள்.

இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழங்காலை மடக்கு, முதுகை நிமிர்த்து என்று சுவரொட்டி ஒட்டி வகுப்பு நடத்துவது எங்கும் உள்ள வழக்கம். நாமும் மேலே அதைத்தான் சொன்னோம், அது தப்பில்லை. ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதால் மட்டும் தொழிலாளரின் முதுகுவலி குறையவில்லை என்று தெரிந்தது. பாரமும் தூரமும் தடவையும் மாறாமல் ஆளை மட்டும் மாறச் சொன்னால் முதுகு கேட்காது. ஆகவே முதுகு வலிக்கிறது என்று வருகிற ஆளிடம் "ஒழுங்காகத் தூக்கத் தெரியாதா?" என்று கேட்பதற்கு முன்னால் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். நிறுக்கும் இடம் எவ்வளவு தூரம்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறங்கி ஏறுகிறார்? தெளிகருவித் தொட்டியில் 16 லீற்றர் என்றால் தண்ணீர் மட்டும் 16 கிலோ. அதைத் தரையிலிருந்து முதுகுக்கு ஏற்ற ஒரு மேடை இருக்கிறதா? தொட்டியை இடுப்பு உயர மேடையில் வைத்து மாட்டினால் ஒரு குனிவு மிச்சம். அப்படி ஒரு மேடைக்கு வேண்டியது நாலு கல்லும் கொஞ்சம் சீமெந்தும்தான்.

டிஸ்பென்சரிக்குப் போகும்போது "இடுப்பு வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரையோடு திரும்பி வராதீர்கள். என்ன தூக்கினீர்கள், எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எப்போதிருந்து வலி என்று சொல்லுங்கள்; ஒரு துண்டில் எழுதிக் கொண்டு போனாலும் நல்லது. காலில் விறைப்பு ஏறிக்கொண்டே போனால், கால் இழுபட்டால், சிறுநீர் போவதில் தடங்கல் வந்தால், அல்லது உட்காரும் இடம் மரத்துப் போனால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். அது இடைத்தட்டு நரம்பை நசுக்குவதன் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.